-எச் ஆப்ஷன் மோதல்: 'ரிசால்வ்' போட்டதும் எரர் போச்சு, ஆனா புதுசா மூணு சிக்கல்

#1 தறி

பைத்தான்ல ஆர்க்பார்ஸ் (கமாண்ட் லைன் ஆப்ஷன்களைப் பிரிச்சுப் படிக்கிற லைப்ரரி) வச்சு எழுதின ஒரு கமாண்ட் லைன் கருவி. பேரு 'கடத்தி'ன்னு வச்சுக்குங்க. டேட்டாபேஸ்ல இருந்து டேட்டாவை எடுத்து, பின்னாடி இருக்கிற ஒரு கன்வெர்ட்டருக்குக் குடுத்து ஃபைலா எழுதும். எக்ஸ்போர்ட், செக்னு ரெண்டு சப்கமாண்ட். கடத்திக்குத் தெரியாத ஆப்ஷன் எது வந்தாலும் அப்படியே கன்வெர்ட்டருக்குத் தள்ளிவிடணும். அதுக்காக, தெரிஞ்சதை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தனி லிஸ்ட்டா குடுக்கிற பார்ஸ்_நோன்_ஆர்க்ஸ் பயன்படுத்துறோம்.

பயன்படுத்துறவங்க எல்லாரும் பிஎஸ்க்யூஎல், மைஎஸ்க்யூஎல்னு டேட்டாபேஸ் கிளையன்ட்லயே நாள் முழுக்க உக்காந்திருக்கிறவங்க. அங்க -எச்னா ஹோஸ்ட், அதாவது எந்த சர்வர்ல சேரணும்ங்கிறது. அதனால இங்கயும் --ஹோஸ்ட்டுக்கு -எச் வேணும்னு கேட்டாங்க. பொதுவான ஆப்ஷன்களை 'காமன்'னு ஒரு பார்சர்ல (ஆப்ஷன்களைப் படிக்கிற ஆப்ஜெக்ட்) வச்சு, அதை பேரன்ட்ஸ்=[காமன்]னு முதன்மைப் பார்சருக்கும் ரெண்டு சப்கமாண்டுக்கும் குடுத்திருக்கேன். அதுல -எச் சேர்த்ததும், ஆர்க்பார்ஸ் தானாவே ஹெல்ப்புக்கு வச்சிருக்கிற -எச்சோட மோதி, வந்தது இது:

ஆர்க்யுமென்ட் -எச்/--ஹோஸ்ட்: கான்ஃப்ளிக்டிங் ஆப்ஷன் ஸ்ட்ரிங்: -எச்

தேடினப்போ கான்ஃப்ளிக்ட்_ஹேண்ட்லர்='ரிசால்வ்'னு ஒண்ணு கிடைச்சுது. எல்லாப் பார்சர்லயும் போட்டேன். எரர் போயிடுச்சு. ஆனா இப்போ:

அ) கடத்தி -வி எக்ஸ்போர்ட் குடுத்தா வெர்போஸ் (விவரமா செய்தி காட்டுறது) வேலை செய்யல. கடத்தி எக்ஸ்போர்ட் -வி குடுத்தா செய்யுது.

ஆ) கடத்தி எக்ஸ்போர்ட் --அவுட்புட் முடிவு.சிஎஸ்வி குடுத்தா --அவுட்புட் கன்வெர்ட்டருக்குப் போய்ச் சேரவே இல்ல. அது போதாதுன்னு 'முடிவு.சிஎஸ்வி'ங்கிற பேர்ல ஒரு ஃபோல்டர் உருவாகி நிக்குது!

இ) செக் சப்கமாண்ட்ல -ஓ (--அவுட்புட்-டிர்ரோட குறும்பெயர்) காணாமப் போச்சு. செக்கை யாரும் தொடவே இல்ல.

மூணுமே ரிசால்வ் பண்ணின வேலையா?

#2 சுழியம்

முதல்ல ஓடுறது உங்க கடத்திதானான்னு பாருங்க. 'டைப் -ஏ கடத்தி'. அலையஸ் (மாற்றுப்பேர்) இருக்கா, பாத்ல (ஷெல் நிரலைத் தேடுற ஃபோல்டர் வரிசை) பழைய காப்பி கிடக்குதான்னு தெரிஞ்சிடும். உதாரணத்துக்கு, ஃபைல் பேரை மாத்துற ரீநேம்னு ஒரே பேர்ல ரெண்டு நிரல் இருக்கு. ஒண்ணு பெர்ல் எக்ஸ்பிரஷன் கேக்கும், யூடில்-லினக்ஸ்ல வர்றது சாதாவா எழுத்தை மாத்தும். ஒண்ணோட மேன் பேஜைப் படிச்சுட்டு இன்னொண்ணுக்கு ஆப்ஷன் குடுத்து மண்டையை உடைச்சுக்கிட்டவங்க நிறைய.

அது சரின்னா, பார்ஸ் ஆன உடனே நேம்ஸ்பேஸையும் (படிச்ச மதிப்புகள் உக்கார்ற ஆப்ஜெக்ட்) மிச்சம் வந்த லிஸ்ட்டையும் பிரிண்ட் பண்ணிப் போடுங்க. போன ரிலீஸ்ல இருந்து வேற என்னென்ன மாறுச்சுன்னும் சொல்லுங்க.

#3 பழைய டெர்மினல்

சுழியம் சொன்னதோடு சூழல் மாறிகளையும் பார்த்துவிடுங்கள். வெளியே தெரியாமல் ஆப்ஷன் நுழையும் வழி அது. உரை தேடும் கருவியான கிரெப்பில் கிரெப்_ஆப்ஷன்ஸ் என்றொரு மாறி இருந்தது. யாரோ அதில் எதையோ போட்டு வைக்க, அந்தக் கணக்கில் ஓடும் ஸ்கிரிப்ட் எல்லாம் உடையும். 2014-இல் வந்த 2.21 பதிப்பிலேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள், பிறகு நீக்கியும் விட்டார்கள். மைஎஸ்க்யூஎல் இன்றும் கான்ஃபிக் ஃபைலின் கிளையன்ட் பகுதியிலிருந்து ஆப்ஷன்களை எடுத்துக்கொள்கிறது.

#4 தறி

டைப் -ஏ ஒரே ஒரு இடத்தைத்தான் காட்டுது. அலையஸ் இல்ல. சூழல் மாறி எதையும் கடத்தி படிக்கிறதில்ல.

ஆ-வுக்கு பிரிண்ட் பண்ணினது:

நேம்ஸ்பேஸ்(ஹோஸ்ட்=நன், வெர்போஸ்=ஃபால்ஸ், அவுட்புட்_டிர்='முடிவு.சிஎஸ்வி', ஓவர்ரைட்=ஃபால்ஸ்)
மிச்சம்: []

மாறினது: காமன்ல -எச் சேர்த்தேன். அதே காமன்ல புதுசா -ஓ/--அவுட்புட்-டிர் சேர்த்தேன். எக்ஸ்போர்ட்ல ஏற்கெனவே -ஓ/--ஓவர்ரைட் இருந்தது. எழுதும்போதே அதுவும் இடிச்சிருக்கணும், ஆனா ரிசால்வ் போட்டிருந்ததால எரர் வரல.

#5 கொக்கி

ஆ-வுக்கான பதில் நீங்கள் போட்ட அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. அவுட்புட்_டிர்='முடிவு.சிஎஸ்வி'. கன்வெர்ட்டருக்குப் போக வேண்டிய --அவுட்புட்டை கடத்தியே விழுங்கிவிட்டது.

ஆர்க்பார்ஸ் நீண்ட ஆப்ஷன்களைச் சுருக்கி எழுத அனுமதிக்கும். தொடக்க எழுத்துகள் ஒரே ஒரு ஆப்ஷனோடு மட்டும் பொருந்தினால் போதும், அதுதான் என்று எடுத்துக்கொள்ளும். போன ரிலீஸில் --அவுட்புட் என்று தொடங்கும் ஆப்ஷன் எதுவும் கடத்தியில் இல்லை, அதனால் தெரியாதது என்று மிச்சத்தில் போய் விழுந்தது. இப்போது --அவுட்புட்-டிர் வந்துவிட்டதால் --அவுட்புட் அதன் சுருக்கம் ஆகிவிட்டது. இதில் ரிசால்வுக்குச் சம்பந்தமே இல்லை. ரிசால்வ் போடாமல் இருந்திருந்தாலும் இதே கதைதான்.

மாற்று வழி அலௌ_அப்ரெவ்=ஃபால்ஸ். பைத்தான் 3.5-இலிருந்து இருக்கிறது. ஆனால் 3.8-க்கு முந்தைய பதிப்புகளில் இதைப் போட்டால் -விவி போன்று ஒட்டி எழுதும் குறும் ஆப்ஷன்களும் சேர்ந்து செத்துவிடும். உங்கள் பயனர்களிடம் பழைய பைத்தான் இருந்தால் கவனம்.

#6 தறி

கொக்கி, நன்றி. ஆனா முதன்மைப் பார்சர்ல அலௌ_அப்ரெவ்=ஃபால்ஸ் போட்டுப் பார்த்தேன், ஃபோல்டர் இன்னும் உருவாகுது. பைத்தான் 3.11.

#7 கொக்கி

சப்கமாண்ட் பார்சர் ஒவ்வொன்றிலும் போட வேண்டும். ஆட்_பார்சர் உருவாக்கும் பார்சர் என்பது தனி ஆள். மேலே இருக்கும் பார்சரின் கான்ஃப்ளிக்ட்_ஹேண்ட்லர், அலௌ_அப்ரெவ் எதுவும் அதற்கு இறங்கி வராது. எக்ஸ்போர்ட் என்ற சொல்லுக்குப் பின் வருவதையெல்லாம் படிப்பது எக்ஸ்போர்ட்டின் பார்சர். அங்கே சுருக்கம் இன்னும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு இடத்திலும் எழுதச் சலிப்பாக இருந்தால் ஆர்க்யுமென்ட்பார்சரிலிருந்து ஒரு கிளாஸை வருவித்து, அதன் இனிட்டில் இந்த டீஃபால்டை மாற்றிவிடுங்கள். சப்கமாண்ட்களை உருவாக்கும்போது ஆர்க்பார்ஸ் முதன்மைப் பார்சரின் கிளாஸையே எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு இடத்தில் எழுதினால் போதும்.

அதைவிட, தெரியாததை எல்லாம் பின்னே தள்ளும் வடிவமைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு சுருக்கம் விழுங்கியது. நாளைக்குக் கன்வெர்ட்டர் தன் பக்கம் --ஹோஸ்ட் என்று ஒன்றைச் சேர்த்தால்? அப்போது அலௌ_அப்ரெவ் காப்பாற்றாது. பயனர் எழுத்துப் பிழையாக --வெர்போசு என்று அடித்தாலும் அது கன்வெர்ட்டருக்குப் போய், அங்கிருந்து புரியாத எரர் ஒன்று திரும்பி வரும். இரண்டு ஹைபனை எல்லையாக வையுங்கள்: கடத்தி எக்ஸ்போர்ட் -எச் சர்வர் -- --அவுட்புட் முடிவு.சிஎஸ்வி. பார்சரிடம் கொடுக்கும் முன்பே சிஸ்.ஆர்க்வி-யை (பயனர் அடித்த சொற்களின் பட்டியல்) அந்த -- இருக்கும் இடத்தில் நீங்களே இரண்டாக வெட்டுங்கள். முன்பாதி பார்ஸ்_ஆர்க்ஸுக்கு, பின்பாதி கன்வெர்ட்டருக்கு. ஆர்க்பார்ஸ் அந்த --ஐக் கையாளும் விதம் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறியிருக்கிறது, அதை நம்பி உட்கார வேண்டாம்.

#8 நீலக்குறிப்பு

இந்தச் சுருக்க வழக்கம் பைத்தான் கண்டுபிடித்ததா?

#9 பழைய டெர்மினல்

இல்லை. சி நிரல்களில் ஆப்ஷன்களைப் படிக்கும் குனூவின் கெட்ஆப்ட்_லாங் அப்படித்தான் நடக்கும். குனூ கருவிகளில் --வெர் என்று அடித்துப் பாருங்கள். --வெர்போஸ், --வெர்ஷன் இரண்டும் இருக்கும் கருவியில் 'ஆம்பிகுவஸ்' (எதுவென்று தெளிவில்லை) என்று இரண்டையும் பட்டியலிட்டு நிற்கும். --வெர்ஷன் மட்டும் இருந்தால் பேசாமல் எடுத்துக்கொள்ளும்.

இதில் இன்னொரு வம்பு உண்டு. யாரோ தன் ஸ்கிரிப்டில் --வெர் என்று எழுதி வைத்திருப்பார். நீங்கள் அடுத்த ரிலீஸில் --வெரிஃபை என்று ஒரு புது ஆப்ஷன் சேர்ப்பீர்கள். பழையது எதையும் நீங்கள் தொடவில்லை, ஆனால் அவருடைய ஸ்கிரிப்ட் உடைந்துவிடும். சுருக்கத்தை அனுமதிக்கும் கருவியில் புது ஆப்ஷன் சேர்ப்பதே பழைய பயனரைப் பாதிக்கும் மாற்றம். ஸ்கிரிப்டில் முழுப்பெயர் எழுதுங்கள் என்று சொல்வது இதனால்தான், யாரும் கேட்பதில்லை.

#10 இரவுப்பார்சர்

அ, இ ரெண்டையும் நான் எடுத்துக்கறேன். ரெண்டுக்கும் வேர் ஒரே இடத்துலதான் இருக்கு: 'காமன்' பார்சரை எல்லாரும் பங்கு போட்டுக்கிறது.

பேரன்ட்ஸ்=[காமன்]னு குடுத்தா ஆர்க்பார்ஸ் அந்த ஆப்ஷன்களைக் காப்பி எடுக்கறதில்ல. அதே ஆப்ஜெக்ட்டை எடுத்துத் தன் பட்டியல்ல சேர்த்துக்கும். முதன்மை, எக்ஸ்போர்ட், செக் மூணு பார்சர்லயும் -ஓ/--அவுட்புட்-டிர்னு இருக்கிறது ஒரே ஆப்ஜெக்ட்.

ரிசால்வ் என்ன செய்யும்? புதுசா வர்ற ஆப்ஷன் பழசோட இடிச்சா, பழைய ஆப்ஜெக்ட்டோட பேர்ப் பட்டியல்ல இருந்து அந்தப் பேரை அழிச்சிடும். பேர் ஒண்ணுகூட மிஞ்சலேன்னா ஆப்ஷனையே தூக்கிடும். இப்போ உங்க கோடு ஓடுற வரிசையில போங்க. முதன்மைப் பார்சர் காமனை வாங்கிக்குது. எக்ஸ்போர்ட் வாங்கிக்குது, தன்னோட -ஓ/--ஓவர்ரைட்டைச் சேர்க்குது, இடிக்குது. ரிசால்வ் போய் --அவுட்புட்-டிர்ரோட -ஓவை அழிக்குது. அது எல்லாருக்கும் பொதுவான ஆப்ஜெக்ட்! அடுத்து செக் வந்து காமனை வாங்கும்போது அதுல -ஓ இல்ல. அவ்வளவுதான்.

வேணும்னா சோதிச்சுப் பாருங்க: எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி செக்கை உருவாக்குங்க. செக்ல -ஓ வேலை செய்யும், ஏன்னா ஒவ்வொரு பார்சரும் பேரை எழுதிக்கிற அகராதி தனித்தனி. ஆனா செக்கோட ஹெல்ப்ல மட்டும் -ஓ காட்டாது, ஏன்னா ஹெல்ப் எழுதுறப்போ ஆப்ஜெக்ட்டோட பேர்ப் பட்டியலைத்தான் பார்க்கும். இதே காரணத்தால உங்க கடத்தி --ஹெல்ப்லயும் இப்போ -ஓ தெரியாது, ஆனா குடுத்தா ஏத்துக்கும்.

#11 தறி

பார்த்தேன். கடத்தி --ஹெல்ப்ல -ஓ இல்ல. ரெண்டு சப்கமாண்ட் வரியை இடம் மாத்தினா செக்ல -ஓ உயிரோட வருது. வரிசையை மாத்தினா நடத்தை மாறும்னு கனவுலயும் நினைக்கல.

#12 இரவுப்பார்சர்

இப்போ அ. முதன்மைப் பார்சர் -வியைப் பார்த்து வெர்போஸ்=ட்ரூன்னு எழுதுது. அப்புறம் எக்ஸ்போர்ட் வருது. சப்கமாண்ட் பார்சர் புதுசா ஒரு காலி நேம்ஸ்பேஸ்ல ஆரம்பிச்சு, தன்னோட எல்லா டீஃபால்டையும் அதுல நிரப்பி, முடிச்சதும் மொத்தத்தையும் வெளி நேம்ஸ்பேஸ் மேல கொட்டும். அதோட வெர்போஸ்=ஃபால்ஸ் உங்க ட்ரூவை அடிச்சிடுது. இதுவும் பேர் மோதல்தான். ஆப்ஷன் பேர் மோதல, மதிப்பு போய் உக்கார்ற இடத்தோட பேர் (டெஸ்ட், அதாவது டெஸ்டினேஷன்; சோதனைங்கிற டெஸ்ட் இல்ல) மோதுது. டெஸ்ட் ஒண்ணா இருந்தா ஆர்க்பார்ஸ் எரர் குடுக்காது, குடுக்கவும் முடியாது. --கலர், --நோ-கலர்னு ரெண்டு ஆப்ஷன் வேணும்னே ஒரே டெஸ்ட்ல எழுதுறது சகஜம்.

சப்கமாண்ட் பக்கம் டீஃபால்ட்=ஆர்க்பார்ஸ்.சப்ரெஸ் குடுங்க. அப்போ பயனர் அந்த இடத்துல -வி அடிச்சாத்தான் எழுதும், இல்லேன்னா வாயைத் திறக்காது.

ஆனா இதையும் பங்குபோட்ட காமன்ல செய்யாதீங்க. சப்ரெஸ் போட்டா முதன்மைப் பார்சருக்கும் அதே சப்ரெஸ் வந்துடும், வெர்போஸ்ங்கிற பண்பே இல்லாம ஆட்ரிபியூட்எரர் வரும். சரி, முதன்மையில செட்_டீஃபால்ட்ஸ் போட்டுச் சமாளிப்போம்னு போனா, அது அந்த ஆப்ஜெக்ட்டோட டீஃபால்டையே மாத்திடும், திரும்பவும் சப்கமாண்ட்ல ஃபால்ஸ். சுத்திச் சுத்தி அங்கயேதான் நிப்பீங்க.

காமனை ஒரு ஃபங்ஷனா மாத்துங்க. கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் ஆட்_ஹெல்ப்=ஃபால்ஸோட புதுப் பார்சர் ஒண்ணு செஞ்சு தரட்டும். முதன்மைக்கு நிஜ டீஃபால்ட், சப்கமாண்டுக்கு சப்ரெஸ்ஸுன்னு ஒரு அளவுருல சொல்லிடலாம். அ-வும் இ-யும் சேர்ந்தே தீரும்.

#13 சுழியம்

தீந்ததும் ரிசால்வைத் தூக்கிடுங்க. அது தீர்வு இல்ல, புகை வந்தா கத்துற கருவியோட பேட்டரியைக் கழட்டி வைக்கிற மாதிரி. எக்ஸ்போர்ட்ல -ஓ இடிச்சப்போ சத்தம் போட வேண்டியதே அதுதான்.

#14 நீலக்குறிப்பு

மற்ற மொழிகளில் எப்படி? நான் கோ மொழியில் எழுதுகிறேன். அங்கே 'ஃபிளாக் ரீடிஃபைன்ட்' என்று பேனிக் ஆகி நிரலே விழுந்துவிடும், கேள்வியே கிடையாது.

#15 கொக்கி

கோ-வில் சத்தம் உண்டு, ஆனால் சத்தம் வரும் இடம் உங்கள் கோடாக இருக்காது. லாக் எழுதும் ஜிலாக் லைப்ரரி இம்போர்ட் ஆகும்போதே -வி, -லாக்_டிர் போன்றவற்றைப் பொதுவான ஃபிளாக் பட்டியலில் பதிந்துவிடும். உங்கள் சார்புகளில் இரண்டு, ஆளுக்கொரு ஜிலாக் காப்பியை வெண்டர் ஃபோல்டரில் வைத்திருந்தால் மெயின் ஓடும் முன்பே பேனிக். நீங்கள் ஒரு ஃபிளாக்கூட எழுதியிருக்க மாட்டீர்கள். குபர்நெட்டீஸ்காரர்கள் அதைக் கிளைபிரித்துச் செய்த கிலாக்கில், இனிட்ஃபிளாக்ஸை நீங்களாகக் கூப்பிட்டால்தான் பதியும் என்று மாற்றினார்கள். லைப்ரரி எழுதுபவர் பொதுப் பட்டியலில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

கோ-வின் கமாண்ட் லைன் லைப்ரரியான கோப்ராவில் --ஹோஸ்ட்டுக்கு -எச் கொடுத்தாலும் பேனிக்தான், ஏனென்றால் அது தானாக --ஹெல்ப்புக்கு -எச் சேர்க்கப் பார்க்கும். குறும்பெயர் இல்லாமல் ஹெல்ப் ஃபிளாக்கை நீங்களே முன்கூட்டி வரையறுத்தால் ஒதுங்கிக்கொள்ளும்.

ரஸ்ட் மொழியின் கிளாப் லைப்ரரி கொஞ்சம் ஏமாற்றும். மோதல் சோதனை டீபக் பில்டில் மட்டும். ரிலீஸ் பில்டில் அந்தச் சோதனை கிடையாது. அதனால்தான் டீபக்_அசர்ட்டைக் கூப்பிடும் ஒரு டெஸ்ட் எழுதி வைக்கச் சொல்கிறார்கள்.

சி-யில் கெட்ஆப்ட், ஒரே ஆப்ஷன் எழுத்து இரண்டுமுறை வந்தாலும் கேட்காது. சுவிட்சில் ஒரே கேஸ் இரண்டு தடவை இருந்தால் கம்பைலர்தான் பிடித்துக் கொடுக்கும்.

#16 பழைய டெர்மினல்

எல்லாம் சரி. அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. -எச்சை ஹோஸ்ட்டுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் என்பேன். -எச் என்றால் ஹெல்ப் என்று எந்தச் சட்டமும் இல்லை. குனூ நெறிமுறை கேட்பது --ஹெல்ப், --வெர்ஷன் இரண்டை மட்டுமே. எல்எஸ், டிஎஃப், டியூ மூன்றிலும் -எச் மனிதர் படிக்கும் அளவில் காட்டு என்று பொருள். கிரெப்பில் ஃபைல் பெயரைக் காட்டாதே. -வியும் அப்படியே: டாரில் வெர்போஸ், கிரெப்பில் பொருந்தாத வரிகளைக் கொடு. எஸ்எஸ்எச்சில் போர்ட்டுக்குச் சின்ன -பி, எஸ்சிபியில் பெரிய -பி, ஏனென்றால் சின்னது ஃபைலின் நேரத்தைக் காப்பதற்கு ஏற்கெனவே போய்விட்டது. மைஎஸ்க்யூஎல்லில் சின்ன -பி பாஸ்வேர்ட், பெரியது போர்ட். பிஎஸ்க்யூஎல்லில் சின்னதே போர்ட். ஆக, உலக வழக்கு என்று ஒன்றைத் தேடாதீர்கள். உங்கள் பயனர் பக்கத்தில் எந்தக் கருவியைத் திறந்து வைத்திருக்கிறாரோ அதோடு ஒத்துப்போங்கள்.

ஒன்றே ஒன்று கவனியுங்கள். பழக்கத்தில் ஒருவர் 'கடத்தி -எச் செக்' என்று அடித்தால், செக் என்பது ஹோஸ்ட்டின் பெயராகப் போய்விடும், சப்கமாண்ட் இல்லாமல் நிற்கும். பைத்தான் 3-இல் சப்கமாண்ட் கட்டாயமில்லை என்பதுதான் டீஃபால்ட். ஆட்_சப்பார்சர்ஸில் ரிக்வயர்ட்=ட்ரூ போடுங்கள், 3.7-இலிருந்து இருக்கிறது. அப்போது எரர் காட்டி நிற்கும்.

#17 நீலக்குறிப்பு

பிஎஸ்க்யூஎல் மாதிரி ஹெல்ப்புக்கு -? வைக்கலாமே?

#18 சுழியம்

வேணாம். கேள்விக்குறி ஷெல்லுக்கு வைல்ட்கார்ட். இசட்-ஷெல்ல பொருந்துற ஃபைல் இல்லேன்னா 'நோ மேட்சஸ் ஃபவுண்ட்'னு நிரலை ஓட்டாமலே நிறுத்திடும். மேற்கோள் போட்டு அடிக்கணும். ஹெல்ப் வேணும்ங்கிறவன்கிட்ட அதைச் சொல்லிட்டு இருக்க முடியாது. --ஹெல்ப் போதும்.

#19 தறி

செஞ்சு முடிச்சது:

காமன் இப்போ ஃபங்ஷன். எல்லாப் பார்சர்லயும் ஆட்_ஹெல்ப்=ஃபால்ஸ், --ஹெல்ப் மட்டும் கையால சேர்த்தேன். ரிசால்வ் எடுத்ததும் எக்ஸ்போர்ட்ல -ஓ எரர் அடிச்சுது. --ஓவர்ரைட்டுக்குக் குறும்பெயரே வேணாம்னு எடுத்துட்டேன். இருக்கிற ஃபைலை அழிக்கிற ஆப்ஷன் கை தவறி விழக்கூடாது. கன்வெர்ட்டருக்குப் போறது எல்லாம் இனிமே --க்குப் பின்னாடி. அ, ஆ, இ மூணும் தீர்ந்தது. எல்லா சப்கமாண்டையும் உருவாக்கி மட்டும் பார்க்கிற ஒரு டெஸ்டும் போட்டாச்சு, இடிச்சா அங்கயே தெரியும்.

கடைசியா ஒண்ணு. செக்ல '-1' னு ஒரு ஆப்ஷன் கேக்குறாங்க, ஒரே நெடுவரிசையில காட்ட. செக்குக்கு எண்களும் நேரடியா வரும், மைனஸ் எண் உட்பட. பிரச்சினை வருமா?

#20 இரவுப்பார்சர்

வரும். பார்சர்ல மைனஸ் எண் மாதிரி தெரியற ஆப்ஷன் ஒண்ணுகூட இல்லாத வரைக்கும் -5ஐ ஆர்க்பார்ஸ் எண்ணா எடுத்துக்கும். -1ஐ ஆப்ஷனா சேர்த்த நிமிஷமே -5, -20 எல்லாமே ஆப்ஷன்னு நினைச்சுத் தேட ஆரம்பிச்சிடும். --ஒன்-காலம்னு நீளமா வைங்க.